பீகிள் கப்பல் மாதிரி: அணியத்தில் (முன்முனையில்) பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன, பிரித்துவிடலாமா?

வளவுவீட்டான், காரைக்குடி

அனைவருக்கும் வணக்கம். மரக்கப்பல் மாதிரி கட்டுவதில் இது எனக்கு முதல் முயற்சி. பாதி வழியில் தடைபட்டு நிற்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லவேண்டும் என்பதற்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் பெரியப்பா 1964-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். நாற்பது ஆண்டுகள் அங்கே கடையில் கணக்குப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, பெட்டிகளோடு பெட்டியாக, டார்வின் பயணம் செய்த எச்.எம்.எஸ். பீகிள் கப்பலின் மர மாதிரி கிட் ஒன்றையும் கொண்டுவந்தார். 1990-களில் வாங்கியதாம், பிரிக்கப்படாமலே இருந்தது. ஓய்வுபெற்ற பிறகு கட்டலாம் என்று வைத்திருந்தவருக்கு, ஓய்வு வந்தபோது கை நடுக்கமும் வந்துவிட்டது. இப்போது அவருக்கு வயது 84. இந்த ஆண்டு பங்குனியில் பெட்டியை என் கையில் கொடுத்து, "நீ கட்டு, நான் பார்க்கிறேன்" என்றார். அன்றிலிருந்து வளவில் ஒரு மேசையைப் போட்டு, பள்ளி முடிந்து வந்த பிறகு நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேலை செய்கிறேன். மாலையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இன்று எத்தனை பலகை என்று கேட்பார்.

மாதிரியின் அளவு 1:64. உடல் மட்டும் ஏறத்தாழ 43 செ.மீ. நீளம். ஒட்டுப்பலகையாலான அடிமரத்தில் குறுக்குச் சட்டங்களைப் பொருத்தி, தளத்தை ஒட்டி முடித்தேன், அதுவரை குறையில்லை. உடலின்மேல் இரண்டு அடுக்குப் பலகை வேயவேண்டும். முதல் அடுக்கு 5 மி.மீ. அகலமுள்ள லைம் மரப் பட்டைகள், அதன்மேல் மெல்லிய வால்நட் பட்டைகள். மேலிருந்து தொடங்கி இரு பக்கமும் ஏழேழு பட்டைகள் ஒட்டிவிட்டேன். நடுப்பகுதியில் அழகாகப் படிந்த பட்டைகள், அணியத்தை நெருங்கும்போது ஒன்றன் விளிம்பின்மேல் இன்னொன்று ஏறிக்கொள்கின்றன. அழுத்திப் பிடித்தால் பட்டை முறுக்கிக்கொண்டு எழும்புகிறது. இரண்டு பட்டைகள் ஒடிந்தும் போயின. வழிகாட்டி ஏட்டில் இந்தக் கட்டத்துக்கு ஒரேயொரு படமும் நான்கு வரிகளும்தாம் உள்ளன. ஒட்டியவரை விட்டுவிட்டு, மேடு பள்ளத்தைப் பிறகு உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாமா, அல்லது எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மீண்டும் தொடங்கவேண்டுமா?

இன்னொரு விருப்பமும் உண்டு. கொத்தமங்கலத்தில் இடிந்துபோன எங்கள் பங்காளி வீட்டின் நிலைப்படியிலிருந்து பர்மாத் தேக்குத் துண்டு ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். வால்நட்டுக்குப் பதிலாக அந்தத் தேக்கைச் சீவி இரண்டாம் அடுக்கு வேய்ந்தால், கப்பலில் எங்கள் வீடும் இருக்கும் என்று நினைக்கிறேன். இது சரிப்படுமா? மேலும், ஐப்பசி மழை தொடங்கினால் மரமும் கயிறுகளும் எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

இழைப்புளி, மதுரை

வணக்கம் தம்பி. முதலில் உப்புத்தாளைக் கீழே வையுங்கள். நீங்கள் சொல்லும் குறை தேய்த்துப் போகிற குறை அன்று. இருபது ஆண்டுகளில் நான்கு கப்பல்கள் கட்டியிருக்கிறேன். முதல் கப்பலில் இதே இடத்தில் இதே தவற்றைச் செய்தேன். ஆகவே காரணத்தை நிறுத்திச் சொல்கிறேன்.

பூசணிக்காயின் கீற்றுகளைப் பாருங்கள். நடுவில் அகன்றிருக்கும் ஒவ்வொரு கீற்றும் காம்பை நோக்கிப் போகப்போகக் குறுகுகிறது. கீற்றுகளின் எண்ணிக்கை எங்கும் ஒன்றுதான். சுற்றளவு குறைவதால் அகலம் குறைகிறது. கப்பலின் உடலும் அப்படித்தான். நடுச்சட்டத்தின் விளிம்பை மேலிருந்து அடிமரம் வரை அளந்தால் வருகிற நீளம், அணியத்தில் அளந்தால் வராது. கிட்டில் கொடுக்கும் பட்டைகளோ முனைக்கு முனை ஒரே அகலம் உடையவை. அவற்றை அப்படியே ஒட்டினால், அணியத்தில் இடம் போதாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும். பட்டை தன் அகலவாக்கில் வளைய மறுக்கும் பொருள். அதை வலுவில் அந்தப் பக்கம் வளைக்க முயலும்போதுதான் முறுக்கிக்கொண்டு எழும்புகிறது.

ஆகையால் ஒவ்வொரு பட்டையும் எந்தச் சட்டத்தின்மேல் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்பதைப் பசை தொடுவதற்கு முன்பே முடிவுசெய்யவேண்டும். அதற்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதம். மெல்லிய காகித நாடாவை நடுச்சட்டத்தின் விளிம்பில் மேலிருந்து அடிமரம் வரை வைத்து நீளத்தைக் குறியுங்கள். பட்டையின் அகலத்தால் அதை வகுத்தால் எத்தனை வரிசை என்பது தெரிந்துவிடும். பிறகு அதே போல ஒவ்வொரு சட்டத்திலும், அணியத்தின் முனையிலும், பின்முனையிலும் அளந்து, வந்த நீளத்தை அதே எண்ணிக்கையால் வகுக்கவேண்டும். வருகிற விடைதான் அந்த இடத்தில் பட்டையின் அகலம். அதைப் பென்சிலால் சட்டத்தின் விளிம்பிலேயே குறித்துவிட்டால், பட்டைகளின் பாதை முழுவதும் உங்கள் கண்முன் எழுதப்பட்டிருக்கும்.

இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. எந்தப் பட்டையையும் முனையில் அதன் பாதி அகலத்துக்குக் கீழே சீவக்கூடாது. உண்மையான கப்பலில் அவ்வளவு கூர்மையான முனையில் ஆணி நிற்காது, மாதிரியிலும் அது பிளந்துபோகும். அப்படி ஒரு நிலை வந்தால், இரண்டு பட்டைகளை அணியத்துக்குச் சற்று முன்பாகவே ஒன்றாக முடித்து, ஒரே பட்டையாகத் தொடரச் செய்யவேண்டும். பின்பக்கத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக இடம் மிஞ்சும். அங்கே பட்டையை அகலவாக்கில் இழுத்து வளைக்காதீர்கள். அது தானாகப் படியும் இடத்தில் படியவிட்டு, எஞ்சும் ஆப்பு வடிவ இடைவெளியில் தனித் துண்டுகளைச் செருகவேண்டும்.

சட்டங்களின் விளிம்பைச் சரிவாகச் சீவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. அணியத்திலுள்ள முதல் இரண்டு மூன்று சட்டங்களின் விளிம்பு சதுரமாகவே இருந்தால், பட்டை அவற்றின் கூர்முனையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். நீளமான மெல்லிய பட்டை ஒன்றை மூன்று சட்டங்களின்மேல் படியவைத்துப் பார்த்து, எங்கும் முழு அகலமும் தொடுகிறதா என்று சோதியுங்கள். அணியத்தின் முதல் சட்டத்துக்கு முன்னுள்ள வெற்றிடத்தில் மென்மரக் கட்டை ஒன்றைப் பொருத்தி உருவத்துக்கு இழைத்துக்கொண்டால், பட்டைகள் படிய நல்ல தாங்கல் கிடைக்கும். பல்சா மரம் தேடி அலையவேண்டாம். காய்ந்த கல்யாண முருங்கைக் கட்டையே போதும்.

வளைப்பதைப் பற்றி ஒன்று. பட்டையை வெந்நீரில் இருபது முப்பது நிமிடம் ஊறவைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியின் முனையிலோ சால்டரிங் அயர்னின் தண்டிலோ மெல்ல வளைத்து, ஈரத்தோடு கப்பலின்மேல் கிளிப்பு போட்டு இரவு முழுவதும் காயவிடுங்கள். மறுநாள் காய்ந்த பட்டையைத்தான் ஒட்டவேண்டும். ஊறிய மரம் அகலவாக்கில் உப்பியிருக்கும்; அப்படியே ஒட்டினால், காய்ந்தபின் ஒவ்வொரு மூட்டிலும் இடைவெளி தெரியும். வலப்பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது இடப்பக்கம் ஒட்டுங்கள். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு போனால் உடல் முழுவதும் அந்தப் பக்கம் முறுக்கிவிடும். பிறகு அதை நிமிர்த்த வழியே இல்லை.

முதல் அடுக்கு வெளியே தெரியாது என்பது உண்மை. அதில் சிறு இடைவெளிகளை மக்கு வைத்து அடைக்கலாம். ஆனால் மேடு பள்ளம் அப்படியன்று. லைம் அடுக்கிலுள்ள மேடு, மெல்லிய வால்நட் அடுக்கிலும் அப்படியே எழுந்து நிற்கும். எத்தனை பட்டைகளைப் பிரிக்கவேண்டும் என்பதை ஊகத்தால் சொல்ல விரும்பவில்லை. மேல்விளிம்பிலிருந்து அடிமரம் வரை நடுச்சட்டத்தில் எவ்வளவு, அணியத்தில் எவ்வளவு, பின்முனையில் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள்.

வளவுவீட்டான், காரைக்குடி

மிக்க நன்றி ஐயா. சட்டங்களின் விளிம்பை நான் சரிவாகச் சீவவில்லை. அப்படிச் செய்யவேண்டும் என்பதே உங்கள் பதிலைப் படித்தபோதுதான் தெரிந்தது. காகித நாடாவால் அளந்தேன். நடுச்சட்டத்தில் 105 மி.மீ., அணியத்தின் முனையில் 63 மி.மீ., பின்முனையில் 115 மி.மீ. வருகிறது. இரு பக்கமும் ஒரே அளவுதான்.

இழைப்புளி, மதுரை

நன்றாக அளந்திருக்கிறீர்கள். 105-ஐ 5 மி.மீ.யால் வகுத்தால் 21 வரிசைகள். 63-ஐ 21-ஆல் வகுத்தால், அணியத்தில் ஒவ்வொரு பட்டையும் 3 மி.மீ. இருந்திருக்கவேண்டும். நீங்கள் ஏழு பட்டைகளை முழு அகலத்தோடு கொண்டுபோனதால், 21 மி.மீ. எடுத்துக்கொள்ளவேண்டிய இடத்தில் 35 மி.மீ. போய்விட்டது. எஞ்சியிருக்கும் 28 மி.மீ.யில் இன்னும் 14 பட்டைகள் அடங்கவேண்டுமானால், ஒவ்வொன்றும் 2 மி.மீ.தான் இருக்கமுடியும். அது பாதிக்கும் கீழ். ஆகவே இப்படியே தொடர்வது நடவாது.

ஆனால் முழுவதையும் பிரிக்கவேண்டியதில்லை. மேலே உள்ள மூன்றை விட்டுவிட்டுக் கீழ் நான்கை மட்டும் எடுங்கள். அப்போது அணியத்தில் 48 மி.மீ. கிடைக்கும், 18 பட்டைகளுக்கு அதை வகுத்தால் 2.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. பாதி அகலமான 2.5-க்கு மேலே நிற்கிறது. பின்முனையில் 10 மி.மீ. கூடுதலாக வருவதால், பக்கத்துக்கு இரண்டு செருகுத் துண்டுகள் தேவைப்படும். அந்த மேல் மூன்றும் நேராகப் படிந்திருந்தால்தான் இந்தக் கணக்கு. அவற்றிலும் மேடு இருந்தால் தயங்காமல் எடுத்துவிடுங்கள்.

பெவிகாலால் ஒட்டியிருந்தால் பிரிப்பது எளிது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிறு தூரிகையால் மூட்டில் தடவிச் சில நிமிடம் விட்டால் பசை இளகும். மெல்லிய கத்தியைச் செருகிச் சட்டம் சட்டமாக எழுப்பலாம். தண்ணீரை ஊற்றாதீர்கள், ஒட்டுப்பலகைச் சட்டங்கள் உப்பிவிடும். பட்டை போதாமல் போனால் லைம் மரத்தைக் கடையில் கேட்கும்போது எலுமிச்சை மரம் என்று எண்ணிவிடாதீர்கள். அது ஐரோப்பாவில் வளரும் லிண்டன் மரம். அதற்கு ஈடாக நம் ஊரில் எது பொருந்தும் என்பதைத் தச்சர்கள் யாராவது சொல்லவேண்டும்.

தொண்டிக் கரையான், காரைக்குடி

அண்ணன் இழைப்புளி சொன்ன கணக்குக்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. எங்கள் பாட்டன் தொண்டிக் கரையில் ஓடாவியாக, அதாவது கப்பல் தச்சராக இருந்தவர். நான் மரத்தச்சு வேலைக்குக் காரைக்குடி வந்துவிட்டவன். நீங்கள் அடிமரம் என்று எழுதியதை அவர் ஏரா என்பார். குறுக்குச் சட்டங்களை வங்கு என்பார். அவரும் பலகையை ஏற்றுவதற்குமுன் வங்கு வங்காகக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்வதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். காகித நாடாவைப் பற்றிப் படித்தபோது அந்தக் கயிறு நினைவுக்கு வந்தது.

தேக்கைப் பற்றிச் சொல்லவே எழுதுகிறேன். பர்மாத் தேக்கின் மதிப்பு எனக்குத் தெரியும். நூறு ஆண்டு நின்ற தூணை அறுத்தால், உள்ளே எண்ணெய்ப் பசையோடு புதிதாக மணக்கிற மரம் அது. கப்பலுக்கும் அதைவிட நல்ல மரம் அரிது. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கால் கட்டி 1817-இல் மிதக்கவிட்ட டிரிங்கோமாலி என்ற போர்க்கப்பல், இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்லிபூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் பெரிய கப்பலுக்கு நல்ல மரம் சின்னக் கப்பலுக்கும் நல்ல மரம் ஆகிவிடாது. தேக்கின் ஆண்டு வளையங்களில் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். பலகையாகச் சீவும்போது அவைதாம் கோடுகளாகத் தெரிகின்றன. அந்தக் கோடு 0.3 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1:64 அளவில் அது உண்மைக் கப்பலில் 2 செ.மீ. அகலமுள்ள வெடிப்புக்குச் சமம். கதவில் அழகாக இருக்கும் வரி, 43 செ.மீ. கப்பலில் பலகை பிளந்து கிடப்பது போலத் தோன்றும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாமல் போகலாம். கப்பல் சிறிய பொம்மையாகத் தெரிவது மட்டும் புரிந்துவிடும்.

மாதிரிக்கு வேண்டியது துளை தெரியாத, நெருக்கமான நாருள்ள மரம். நம் பக்கத்தில் அப்படி இரண்டு உண்டு. ஒன்று மஞ்சக்கடம்பு. மஞ்சள் நிறம், சீரான நெருக்கம், கூரான உளிக்கு வெண்ணெய் போல இடம் கொடுக்கும். சீப்பும் நூற்கண்டுக் கட்டையும் கடைந்த மரம். பலகைப் பட்டைக்கு அதைச் சீவலாம். இன்னொன்று வெட்பாலை. சிவகங்கைப் பக்கத்துப் பொட்டல் காடுகளில் சிறு மரமாக நிற்கும்; தந்தம் போல வெளுத்த மரம். கர்நாடகத்துச் சன்னபட்டணா அரக்குப் பொம்மைகளைக் கடைவது இதில்தான். கப்பிகளும் சிறு உருப்படிகளும் செய்ய அதற்கு இணையில்லை. கிட்டில் வந்த கப்பிகள் முரடாக இருந்தால் சொல்லுங்கள், என்னிடம் காய்ந்த வெட்பாலைக் குச்சிகள் இருக்கின்றன.

அந்த நிலைப்படித் துண்டை என்ன செய்வது என்று யோசித்தேன். அதைக் கப்பலின் பீடமாக இழைத்துவிடுங்கள். பீடத்தில் தேக்கு தேக்காகவே தெரியலாம், வரியை மறைக்கவேண்டியதில்லை. நிலைப்படியின் மேற்புறத்தில் கால் பட்டுத் தேய்ந்த பள்ளம் இருந்தால் அதை இழைத்து நீக்காமல், கப்பல் அதன்மேல் நிற்கும்படி வைத்தால் நன்றாக இருக்கும் என்பது என் எண்ணம். ஒட்டும் இடத்தை மட்டும் முதலில் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள். தேக்கின் எண்ணெய், பசையைப் பிடிக்கவிடாது.

பீகிளின் நீளம் 90 அடி. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, 1938-இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த அன்னபூரணி என்ற பாய்க்கப்பலும் ஏறத்தாழ அதே நீளந்தான். பெரியப்பாவிடம் சொல்லுங்கள். பாக் நீரிணையின் இரு கரைகளிலும் அந்த அளவுக் கப்பலைக் கட்டத் தெரிந்த கைகள் இருந்தன.

செம்பு, காரைக்குடி

இந்த ஊரிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிமானப் (உலோக அரிப்பு) பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். கப்பல் மாதிரி இரண்டுதான் கட்டியிருக்கிறேன். ஆகவே மரத்தைப் பற்றிப் பேசத் தகுதியில்லை. ஆனால் பீகிள் என்றால் அடுத்து செப்புத் தகடு வரும் என்பதால், முன்கூட்டியே சிலவற்றைச் சொல்லிவிட விரும்புகிறேன்.

1831-இல் டார்வினை ஏற்றிக்கொண்டு புறப்படுவதற்குமுன், பீகிளின் அடிப்பகுதிக்கு 2 அங்குலத் தடிப்புள்ள ஃபர் மரப்பலகையால் இன்னோர் அடுக்கு வேய்ந்து, அதன்மேல் ஃபெல்ட் விரித்து, அதற்கும் மேலே புதிய செப்புத் தகடு அடித்தார்கள். எனவே நீர்மட்டத்துக்குக் கீழே நீங்கள் வேயும் இரண்டாம் அடுக்கு, எந்த மரமானாலும் கண்ணில் படாது. செம்பு எதற்கு என்றால், வெப்பக்கடல்களில் மரத்தைத் துளைக்கும் கப்பல் புழுவையும், அடியில் ஒட்டி வேகத்தைக் குறைக்கும் சிப்பி பாசிகளையும் அது தடுத்தது. பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் அலார்ம் என்ற கப்பலில் இதைச் சோதித்தது. கப்பல் திரும்பி வந்தபோது மரம் நன்றாக இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் போயிருந்தன. தகடுகள் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாகக் கிழியாமல் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. இரு உலோகங்களும் கடல்நீரும் சேர்ந்தால் மின்கலம் ஆகிவிடும், அதில் இரும்பு கரையும் என்பதை நாங்கள் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இந்த ஆணிகளைக் காட்டித்தான் விளக்குவோம். 1824-இல் ஹம்ஃப்ரி டேவி, துத்தநாகத்தையும் இரும்பையும், செம்புக்குப் பதிலாகத் தாம் கரையும் தியாகத் துண்டுகளாக வைத்துச் செம்பு கரைவதைத் தடுத்தார். செம்பு கரைவது நின்றது. உடனே பாசியும் சிப்பியும் மீண்டும் ஒட்டிக்கொண்டன. கரைந்துகொண்டே இருந்ததால்தான் செம்பு அவற்றை அண்டவிடவில்லை.

இனி உங்கள் மேசைக்கு வருகிறேன். கடற்படையின் வழக்கமான தகடு 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் கொண்டது. 1:64 அளவில் அது 19 மி.மீ.க்கு 5.5 மி.மீ. கிட்டில் வந்திருக்கும் தகட்டை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பக்கத்தில் ஏராவிலிருந்து தொடங்கி முன்னோக்கி ஒட்டிக்கொண்டு வந்தால், முன்தகட்டின் ஓரம் பின்தகட்டின்மேல் படியும். கப்பல் ஓடும்போது தண்ணீர் தகட்டின் விளிம்பைக் கிளப்பாமல் இருக்க அதுவே முறை. சில கிட்டுகளில் ஆணித்தலைகள் புடைத்த தகடுகள் வரும். இந்த அளவில் உண்மையான ஆணித்தலை ஏறத்தாழ 0.2 மி.மீ.தான் இருக்கும். அந்தப் புடைப்புகளை நான் தகடு ஒட்டியபின் நுண்ணிய உப்புத்தாளால் பெரும்பாலும் மட்டமாக்கிவிட்டேன்.

வியர்வையில் உள்ள உப்பு செம்பின் பகைவன். நம் ஊர் வெயிலில் வெறுங்கையால் தொட்ட தகட்டில், ஒரு மாதம் கழித்து விரல்ரேகை பழுப்பாக எழும்பும். பருத்திக் கையுறை அணிந்து, ஒவ்வொரு தகட்டையும் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து ஒட்டுங்கள். வீட்டில் யாராவது, செம்புக் குடத்தை விளக்குவது போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சொல்வார்கள். குடத்தைக் கழுவலாம், கப்பலைக் கழுவமுடியாது. தகடுகளின் இடுக்கில் தங்கும் புளியின் அமிலமும் உப்பும் மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்து பச்சைக் களிம்பாக வெளியே வரும். எதுவும் பூசாமல் விட்டால் செம்பு ஓராண்டில் தானாகவே சீரான பழுப்புக்கு வந்துவிடும். எனக்கு அந்த நிறமே பிடிக்கும்.

கிட் பழையது என்பதால் ஓர் எச்சரிக்கை. அக்காலக் கிட்டுகள் சிலவற்றில் நங்கூரம், பீரங்கி முதலியவை ஈய வார்ப்புகளாக இருக்கும். நகத்தால் கீறினால் கீறல் விழுந்து, காகிதத்தில் உரசினால் சாம்பல் நிறக் கோடு போட்டால் அது ஈயம் என்று கொள்ளலாம். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் மரமும் பசையும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி, ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும். ஓக் அளவுக்கு இல்லாவிட்டாலும் தேக்கும் அத்தகைய ஆவியைச் சிறிது விடும். எனவே ஈய உருப்படிகளைப் பித்தளையாக மாற்றுங்கள், பெட்டியின் அடியில் பூச்சி நுழையாத வலையிட்ட காற்றுத் துளைகள் வையுங்கள். அந்த வெள்ளைப் பொடி நஞ்சு. ஏற்கனவே படிந்திருந்தால் கையால் துடைக்கவேண்டாம்.

தேவகோட்டை ஆச்சி

தம்பி, கயிற்றைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் பனையோலைக் கொட்டான் முடைகிறவள். என் மகனுக்காகத் தொடங்கிய 'கட்டி சார்க்' என்ற பாய்க்கப்பல் மாதிரியின் கயிறுகள் முழுவதையும் நானே கட்டினேன். பருத்தி நூல் ஈரத்தில் முறுகிச் சுருங்கும், காய்ந்தால் தொய்யும். மழையில் நனைந்த கொடிக்கயிறு விறைத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே செயல்தான். கார்த்திகையில் இழுத்துக் கட்டிய கயிறு சித்திரை வெயிலில் தளர்ந்து தொங்கியதை நான் கண்டேன். அத்தனையையும் பாலியஸ்டர் நூலால் மாற்றிய பிறகு இரண்டு ஆண்டுகளாக அப்படியே இருக்கின்றன. நூலைத் தேன்மெழுகில் இழுத்து, விரலால் வேகமாக உருவிச் சூடேற்றினால் பிசிறு அடங்கும்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் கயிறுகளை வலம் ஒரு இணை, இடம் ஒரு இணை என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மரம் சாய்ந்துவிடும். அவற்றின் குறுக்கே மாலுமிகள் ஏறும் படிக்கயிறுகள் வரும். உண்மைக் கப்பலில் 13 முதல் 15 அங்குல இடைவெளி, உங்கள் அளவில் 6 மி.மீ.க்குச் சற்று உள்ளே. ஓர் அட்டையில் கோடுகள் போட்டுப் பின்னால் செருகிக்கொண்டால் கண் அலையாது. முடிச்சை இறுக்கி இழுக்கக்கூடாது. இழுத்தால் பக்கக் கயிறுகள் நடுவில் உடுக்கை போல இடுங்கிவிடும், எனக்கு இருபது படிகள் போட்டபிறகே அது தெரிந்தது. முடிச்சில் தண்ணீர் கலந்த பெவிகால் ஒரு சொட்டு வைத்தால் போதும். பெவிகுயிக் வேண்டாம், நூல் விறைத்து ஒடியும், சுற்றிலும் வெண்படலம் படியும்.

வளவுவீட்டான், காரைக்குடி

ஐயா இருவருக்கும், தொண்டி அண்ணனுக்கும், ஆச்சிக்கும் வணக்கம். ஆவணியில் கேட்ட கேள்விக்குக் கார்த்திகையில் பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

கீழ் நான்கு பட்டைகளைப் பிரித்தபோது, மேல் மூன்றில் இடப்பக்கத்து மூன்றாவது பட்டையும் சற்று எழும்பி இருப்பது தெரிந்தது. இரு பக்கமும் ஒன்றாக இருக்கட்டும் என்று வலப்பக்கத்து மூன்றாவதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். சட்டங்களின் விளிம்பைச் சீவி, அணியத்தில் கல்யாண முருங்கைக் கட்டை பொருத்தி, ஒவ்வொரு சட்டத்திலும் குறி போட்டுக்கொண்டு தொடங்கினேன். பத்தொன்பது வரிசைகளுக்கும் ஒரே விகிதத்தில் சீவாமல், வயிற்று வளைவுக்கு மேல் ஒரு பகுதி, கீழ் ஒரு பகுதி என்று பிரித்துக்கொண்டது எனக்கு வசதியாக இருந்தது. பின்பக்கத்தில் இழைப்புளி ஐயா சொன்னபடியே இரண்டிரண்டு செருகுத் துண்டுகள் தேவைப்பட்டன. மழை பிடித்த பிறகு ஊறவைத்த பட்டை ஒரே இரவில் காய்வதில்லை. இரண்டு நாள் விட்டேன், வேலை பாதி வேகத்தில்தான் நடந்தது.

கடைசிப் பட்டையைச் செருகிய அன்று மின்சாரம் இல்லை. விளக்கை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் என்னால் அழுத்த முடியவில்லை. பெரியப்பா வந்து, பசை பிடிக்கும்வரை தம் கட்டைவிரலால் அந்தப் பட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ இருபது நிமிடம். அன்னபூரணியைப் பற்றி அப்போது சொன்னேன். நாகப்பட்டினத்தில் ஏறும்போது கரையோரம் நின்ற பாய்க்கப்பல்களை அவர் ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னார்.

நிலைப்படித் துண்டில் பள்ளம் இருக்கிறது. அதை இழைக்காமல் பீடமாக்க முடிவு செய்துவிட்டேன். நங்கூரங்களைக் காகிதத்தில் உரசிப் பார்த்தேன், சாம்பல் கோடு விழுந்தது, பித்தளையில் மாற்றவேண்டும். தொண்டி அண்ணே, அடுத்த ஞாயிறு கடைக்கு வரலாமா? வெட்பாலைக் குச்சியும், மஞ்சக்கடம்பு சீவினால் 5 மி.மீ. அகலத்தில் நாற்பது பட்டைகளும் வேண்டும். வால்நட் பட்டைகளில் பாதி பழையதாகி ஒடிகின்றன.